மதுரைக்கு வந்த கோப்பை

காலை ஆறு மணி இருக்கும். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவில் அப்போதுதான் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டுப் பாட்டி வாசல் தெளித்துவிட்டுக் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புள்ளிகளை மிதிக்காமல் ஒரே தாவலில் தாண்டி வெளியே வந்தாள் பேத்தி. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். தோளில் துணிப்பை, கக்கத்தில் ஒரு கால்பந்து!

"ஏ புள்ளே, பொம்பளைப் புள்ளைக்குப் பந்து எதுக்கு?" என்றார் பாட்டி.

"நீ கோலம் போடு பாட்டி, நான் கோல் போட்டுட்டு வர்றேன்!" என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தாள் அவள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அவளுடைய தாயார் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "அக்கா, நீங்கதான் நாலும் படிக்கிறவங்க. இந்தப் பந்து நாளைக்கு அவளுக்குச் சோறு போடுமா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதானே? ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். அவளுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லுகிறேன், கேளுங்கள்.

மருந்துக் கடையில் பிறந்த சங்கம்

முதலில் கொஞ்ச தூரம் போய் வருவோம். போர்ச்சுகல் தேசத்தின் தலைநகரம் லிஸ்பன். அங்கே 1904-ம் வருஷம் பிப்ரவரி 28-ம் தேதி ஒரு மருந்துக் கடையில் 24 பேர் கூடி, ஒரு பந்தாட்டச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 'பென்பிகா' என்று இன்று உலகம் முழுவதும் அறிந்திருக்கும் சங்கம் அதுதான். கழுகுதான் அதன் சின்னம். ஆட்டம் தொடங்குமுன் நிஜக் கழுகு ஒன்றை மைதானத்தில் பறக்க விடுகிற வழக்கமும் உண்டு.

பென்பிகா வாங்கிக் குவித்த கோப்பைகளைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். போர்ச்சுகல் லீகில் மட்டும் 2023-க்குள் 38 முறை முதலிடம்! 1961-ல் பார்சிலோனாவை 3-2 என்று ஜயித்து ஐரோப்பியக் கோப்பையை எடுத்துப் போனார்கள். மறு வருஷம் ரியல் மாட்ரிட்டை 5-3 என்று தோற்கடித்து அதே கோப்பையைத் திரும்பவும் வாங்கினார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர் யுசேபியோ. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து வந்த இருபது வயதுப் பையன். 2006-ல் இந்தச் சங்கத்தின் அங்கத்தினர் தொகை 1,60,398. உலகத்திலேயே அதிக அங்கத்தினர்களைக் கொண்ட பந்தாட்டச் சங்கம் என்று கின்னஸ் புத்தகத்தில் அப்போது இடம் பிடித்தது.

எல்லாம் பிரமாதம்தான். ஆனால் இத்தனை பெரிய சங்கம் தனக்கென்று ஒரு பெண்கள் குழுவை எப்போது அமைத்தது தெரியுமா? 2017-ம் வருஷத்தில்! சங்கம் பிறந்து 113 வருஷம் கழித்து!

கதவு திறந்ததுதான் தாமதம். 2018 செப்டம்பரில் அந்தப் பெண்கள் ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே 28 கோல் போட்டார்கள். எதிர்க் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. 2021-ல் தொடங்கி 2025 வரை ஐந்து வருஷமும் போர்ச்சுகலின் பெண்கள் லீக் அவர்கள் கையில்தான். பெண்களுக்குத் திறமை அன்றும் இருந்தது. கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

மதுரையில் முதலிலேயே பெண்கள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். மதுரையில் 2016-ல் 'சேது' என்ற பெயரில் ஒரு கால்பந்துச் சங்கம் எழுந்தது. அது பேர் வாங்கியது ஆண்களால் அல்ல, பெண்களால்! லிஸ்பன்காரர்கள் நூற்றுப் பதின்மூன்று வருஷம் யோசித்த காரியத்தை மதுரைக்காரர்கள் ஆரம்பத்திலேயே செய்துவிட்டார்கள்.

இந்தியப் பெண்கள் லீக் என்ற பந்தயம் 2016-17-ல்தான் ஆரம்பமாயிற்று. முதல் கோப்பையை மணிப்பூர்ச் சங்கம் ஒன்று கொண்டு போயிற்று. இரண்டாவது ஒடிசாவுக்குப் போயிற்று. தென்னாட்டின் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது பந்தயம் 2019 மே மாதம் பஞ்சாபில் லூதியானாவில் நடந்தது. கோடை வெயிலில் பஞ்சாப் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? சேலத்து வெயில் தோற்றுப் போகும்! சேதுவின் பயிற்சியாளரும் ஒரு பெண்தான். அம்ருதா அரவிந்த் என்று பெயர். அவரிடம் இருந்த குழுவைப் பாருங்கள்: கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன், மணிப்பூரிலிருந்து டாங்மெய் கிரேஸ், நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரி. பாஷை வேறு, சாப்பாடு வேறு. ஆனால் பந்து ஒன்றுதானே?

அரை இறுதியில் எட்டு கோல் போட்டு ஜயித்தார்கள். மே 22-ம் தேதி இறுதி ஆட்டம். எதிரே மணிப்பூர்ப் போலீஸ் குழு. இந்தியாவில் பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்று பேர் பெற்ற ராஜ்யம் அது. அங்கே வீட்டுக்கு வீடு பந்தாடுகிற பெண்கள் உண்டு. அவர்களைச் சேது 3-1 என்று ஜயித்தது. கோப்பை முதல் முறையாக விந்தியமலையைத் தாண்டி மதுரைக்கு வந்தது!

இது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு முந்தைய வருஷமே, 2018 பிப்ரவரியில், தமிழ்நாட்டுப் பெண்கள் குழு தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அதே மணிப்பூரை 2-1 என்று வென்று, முதல் தடவையாகத் தேசியப் பட்டம் வாங்கியிருந்தது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று ஜயித்து, இரண்டாம் முறையும் வாங்கியது.

தோல்வியிலும் ஒரு கௌரவம்

வெற்றியை மட்டும் சொன்னால் கதை பாதிதான். 2022-ல் புவனேசுவரத்தில் பன்னிரண்டு குழுக்கள் மோதின. சேது பத்து ஆட்டம் ஆடிப் பத்திலும் ஜயித்தது. கேரளத்தின் கோகுலம் குழுவும் பத்துக்குப் பத்து! கடைசி ஆட்டத்தில் இந்த இரண்டுமே நேருக்கு நேர் சந்தித்தன. சினிமாவில் இப்படி வைத்தால் நாம் நம்ப மாட்டோம். மே 26-ம் தேதி நடந்த அந்த ஆட்டத்தில் கோகுலம் 3-1 என்று ஜயித்துவிட்டது. பத்து வெற்றியும் ஒரே மாலையில் இரண்டாவது இடமாகிவிட்டன.

அன்று கோகுலம் பக்கம் ஆடியவர்களில் ஒருவர் பஞ்சாப்ப் பெண் மனிஷா கல்யாண். அதே வருஷம் அவர் சைப்ரஸ் தீவுக் குழு ஒன்றில் சேர்ந்து, ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். சேதுவுக்காக 2019-ல் ஆடிய சபித்ரா பிரான்ஸ் வரைக்கும் போய் ஆடினார். மதுரையிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் கிளம்பிய பாதை எங்கே போய்ச் சேர்கிறது பாருங்கள்!

2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்து, ஆசியக் கோப்பைப் பந்தயத்துக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி ஜயித்து அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை.

சோறு போடுமா?

"சரி அக்கா, என் கேள்விக்குப் பதில்?" என்றாள் எதிர் வீட்டுத் தாயார்.

ஒளிக்காமல் சொன்னேன். பந்தாடுகிற எல்லோருக்கும் சோறு போடாது. ஆண்கள் ஆட்டத்தில் புரளுகிற பணத்தில் சிறு பங்குகூடப் பெண்கள் ஆட்டத்தில் இல்லை. காலில் ஒரு காயம் பட்டால் ஒரு வருஷம் வீண். ஆகையால் புஸ்தகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பந்தை எடுக்கச் சொல்லக் கூடாது.

ஆனால் வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஆடிய இந்துமதி, தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். விளையாட்டில் சாதித்தவர்களுக்கு அரசாங்க வேலையில் நூற்றுக்கு மூன்று இடம் என்று தமிழ்நாட்டில் ஒதுக்கீடும் வந்திருக்கிறது.

"இதெல்லாம் கடலூர், மதுரைக் கதை. நம்ம ஊரில்?" என்று அவள் விடவில்லை.

நம்ம ஊரா? ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டியை மறந்துவிட்டாளா? அந்தக் கிராமத்து மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். அவருடைய தாயார் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். மைதானத்தில் தாண்டியது மகன்தான். ஆனால் வீட்டில் அதற்கு முன்பே எத்தனை உயரத்தைத் தாய் தாண்டியிருப்பார்!

"ஆக, பெண்ணுக்கு நான் என்ன செய்யணும்?" என்றாள் அவள்.

"பெரிதாக ஒன்றும் வேண்டாம். காலுக்குச் சரியான பூட்ஸ் வாங்கிக் கொடு. பக்கத்து ஊர் நாமக்கல் தேசத்துக்கே முட்டை அனுப்புகிறதே, அதில் தினம் இரண்டு உன் பெண்ணுக்கும் வரட்டும். முழங்காலில் சிராய்ப்போடு வந்தால் திட்டாமல் மருந்து போடு. பரீட்சைக்கும் படிக்கச் சொல். முக்கியமாக, ஆறு மணிக்குக் கதவைத் திறந்து விடு" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் எழுந்து போனாள்.

மறு நாள் காலை மறுபடியும் வாசலில் நின்றேன். பாட்டி வழக்கம்போல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து விட்டவள் அந்தத் தாயார்தான்! பெண்ணின் பையில் ஏதோ ஒரு பொட்டலத்தையும் திணித்தாள். அவித்த முட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

"நேத்து எத்தனை கோல் போட்டே?" என்றார் பாட்டி, தலை நிமிராமலே.

"ஒண்ணுகூட விழலை பாட்டி."

"விழலைன்னா இன்னைக்கும் போய் உதை. நான் மழையானாலும் வெயிலானாலும் ஒரு நாள் தவறாமப் போடறேனில்லை?" என்றார் பாட்டி.

பேத்தி புள்ளிகளைத் தாண்டி ஓடினாள்.