சாசனம் எழுதிய கை

வ. புதுப்பட்டி முதல் ராஜபாளையம் வரையில், சிவகாசியில் அச்சிட்ட முருகன் படமோ லக்ஷ்மி படமோ மாட்டாத வீடு அரிதாயிருந்த காலம் ஒன்றுண்டு. அவற்றுட் பலவற்றைத் தீட்டியவர் கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-இல் மறைந்த கொண்டையராஜு என்று அறிந்து கும்பிட்டவர் எத்தனை பேர்? சித்திரக்காரர்பால் நமக்குள்ள அசிரத்தை வீட்டுச் சுவரோடு நிற்கவில்லை. தேசத்தின் தலையாய சாசனம் வரையில் போயிருக்கிறது.

சட்டப் புத்தகங்களோடு நெடுநாள் பழகிய நாமே, அரசியல் சட்டத்தின் மூலப் பிரதி கையால் எழுதப்பட்டதென்பதை வெகுகாலம் எண்ணிப் பார்த்ததில்லை. டில்லியைச் சேர்ந்த பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா அதைச் சாய்வெழுத்தில் எழுதினார். பாட்டனாரிடம் இளமையிலேயே கற்ற வித்தை. ஆயுள் முழுவதும் அதுவே அவருக்குப் பித்து. அச்சுயந்திரம் இருக்கையில் பேனா எதற்கென்று கேட்போர், கல்லிலும் செப்பேட்டிலும் சாசனம் பொறித்த தேசம் இது என்பதை மறந்தவராவர். வேலை சுமார் ஆறு மாதம் பிடித்தது. கூலி என்னவென்று நேரு கேட்டபோது ஒரு காசும் வேண்டாமென்றார் அவர். பக்கந்தோறும் தம் பெயரும், கடைசிப் பக்கத்தில் பாட்டனார் பெயரும் இருந்தாற் போதும் என்றார்.

எழுத்தைச் சுற்றிய அலங்காரம் சாந்திநிகேதனத்து நந்தலால் போஸும் அவர் சிஷ்யர்களும் செய்தது. நண்பருக்குத் தபாற்கார்டு எழுதினாலும் அதிலே ஒரு படம் போடாமல் இருக்க மாட்டாதவர் போஸ். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காக, வங்காளத்துக் கிராமப் படச்சுருள்களின் பாணியைத் தழுவி, தச்சனையும் மத்தளக்காரனையும் எழுதிப் பந்தலில் ஏற்றியவர். சாசனத்திலே சிந்துவெளிக் காளையில் தொடங்கி, நம் நடராஜரையும் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தையும் கண்டு, நவகாளியில் நடக்கும் காந்தியடிகள் வரை வருகிறோம். அப்பாறையிலே தவம் புரிபவன் அர்ஜுனனா பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சாசனம் பகீரதன் கட்சி! முகவுரைப் பக்கத்தின் கரையைத் தீட்டியவர் ராம்மனோஹர் சின்ஹா. மூலையில் 'ராம்' என்று மட்டும் கையொப்பமிட்டார்.

டேராடூனில் இச்சாசனத்தை நிழற்பட முறையில் 1,000 பிரதிகள் எடுத்தார்கள். நம் பிள்ளைகளோ பாடப் புத்தகத்தில் முகவுரையை வெறும் அச்செழுத்திலே படிக்கிறார்கள். கரையோடும் சித்திரத்தோடும் ஒரு பிரதியை ஒவ்வொரு ஊர் நூல் நிலையத்திலும் வைக்கச் சர்க்காருக்கு என்ன பெருஞ்செலவு ஆகிவிடும்? புதுப்பட்டி வாசகசாலையிலிருந்தே இதைத் தொடங்கலாமென்பது நம் கோரிக்கை.

1950 ஜனவரி 24-ந் தேதி அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினர் 284 பேர் அதில் கையொப்பமிட்டார்கள். கூலி வாங்காத லிகிதரின் பாட்டனார் பெயரும் அவர்கள் பெயரோடு அச்சாசனத்தில் இருக்கிறது.