தீர்ப்புக்கு முன்னே சிறை



அம்பத்தூரில் நான் குடியிருக்கும் பகுதிக்கு வடக்கே புழல் ஏரி இருக்கிறது. அந்த ஏரிக்கு அப்பால், செங்குன்றம் செல்லும் பெருஞ்சாலையின் ஓரமாக, உயர்ந்த மதில்களுடன் ஒரு பெரிய கட்டடத் தொகுதி நிற்கிறது. அதுவே புழல் மத்தியச் சிறை. சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு அருகே 1837-இல் கட்டப்பெற்ற பழைய மத்தியச் சிறைச்சாலை, 2006-இல் இவ்விடத்துக்கு மாற்றப்பட்டது.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவர்களை நோக்கி, "அந்த மதிலுக்குள் இருப்பவர்கள் யார்?" என்று கேட்டேன். "குற்றவாளிகள்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொல்லிற்று. ஒரு பையன் மட்டும் வாய் திறக்கவில்லை. அவனைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

வகுப்பு சொன்ன விடை தவறு. புழலிலேயே தண்டனை பெற்றவர்களுக்கு ஒரு சிறையும், விசாரணையில் இருப்பவர்களுக்கு வேறொரு சிறையும், பெண்களுக்கு ஒரு தனிச் சிறையுமாக மூன்று பகுதிகள் இருக்கின்றன. விசாரணைக் கைதி என்பவர் யார்? குற்றம் செய்தார் என்று காவல்துறை சொல்லுகிறது; நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை. அத்தகையவரே விசாரணைக் கைதி. சட்டத்தின் கண்ணில் அவர் குற்றமற்றவர். வழக்கு நடக்கும்போது ஓடிவிடாமலும், சாட்சிகளைக் கலைக்காமலும் இருக்கவேண்டும் என்பதற்காகவே அவரைக் காவலில் வைக்கிறோம். அது தண்டனை அன்று.

இந்த வேறுபாடு புதிதாக வந்ததும் அன்று. ஆங்கிலேயர் இயற்றிய 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே, தண்டிக்கப்படாதவர்களைத் தண்டிக்கப்பட்டவர்களோடு சேர்த்து வைக்கலாகாது என்று விதித்தது. விசாரணைக் கைதி தம் சொந்த உடையை உடுத்தலாம். தம் செலவில் உணவும் வருவித்துக்கொள்ளலாம் என்றும் இடமளித்தது. கடுங்காவல் தண்டனை பெற்றவரைப் போல இவரை வேலை செய்யும்படி வற்புறுத்தவும் முடியாது. அடிமை நாட்டுக்கென்று எழுதப்பட்ட சட்டத்தில் இவ்வளவு நினைவிருந்தது என்பது சற்று வியப்பானதே.

ஆயின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூன்று பேருக்கு மேல் தீர்ப்பை எதிர்நோக்கியே உள்ளே இருந்தார்கள். 100 பேருக்கு உரிய இடத்தில் 131 பேர் அடைபட்டிருந்தார்கள். சிறையில் நெருக்கடி, நோய், நல்லவன் கெட்டவனோடு சேர்ந்து கெடுதல் என்று நாம் குறை கூறுவனவற்றில் பெரும்பகுதி இங்கிருந்தே பிறக்கிறது.

இத்தனை பேர் ஏன் வெளியே வரவில்லை? ஜாமீன் என்னும் பிணை உண்டல்லவா என்று கேட்பீர்கள். உண்டு. பலருக்கு அது கிடைத்தும் விடுகிறது. கிடைத்த பிணைக்குப் பொறுப்பேற்க ஆள்தான் கிடைப்பதில்லை.

இப்பொழுது அந்தப் பையனுக்கு வருகிறேன். அவனுடைய தந்தை ஒரு கிடங்கில் மூட்டை தூக்குபவர். அங்கே சரக்குக் காணாமற்போய், சந்தேகத்தின்பேரில் கைதானார். இரண்டு வாரத்தில் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வீடோ நிலமோ உள்ள இருவர் பிணை நிற்கவேண்டும் என்றது. பையனின் தாய் என்னிடம் வந்தாள். "சார், ஒருத்தர் கிடைச்சிட்டார். இன்னொருத்தர்தான் வேணும். வீட்டு வரி ரசீதும் உங்க கையெழுத்தும் இருந்தா போதுமாம்" என்றாள். பார்க்கலாம் அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பணம் போய்விடுமோ என்ற அச்சத்தைவிட, தலைமையாசிரியர் திருட்டு வழக்கில் பிணை நின்றார் என்று ஊர் பேசுமே என்ற அச்சமே எனக்குப் பெரிதாயிருந்தது. மாதங்கள் சென்றன. அதன் பிறகுதான் வகுப்பில் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் மறந்து கேட்டேன். அவன் குனிந்த தலையைக் கண்ட பின்பே எனக்கு நினைவு வந்தது.

மறுநாள் ரசீதை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த எழுத்தர், "உங்களுக்கு என்ன உறவு?" என்றார். "மகனுக்கு ஆசிரியன்" என்றேன். ஆக, ஜாமீன் கிடைத்த பிறகும் அம்மனிதர் நான்கு மாதம் உள்ளே இருந்தார். வழக்கு இரண்டாண்டு நடந்து, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடிந்தது. அதற்குள் அவருடைய வேலை போயிற்று. மூத்த மகள் படிப்பை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லத் தொடங்கினாள்.

இத்தகைய வழக்கொன்று 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கே சென்றது. மோதிராம் என்பவர் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். கீழ் நீதிமன்றம் அவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது; அவருடைய தம்பியோ அண்ணனோ பிணை நிற்க முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் இதனைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கும்படி ஆணையிட்டார். கிருஷ்ணய்யர் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். தாமே ஒருகாலத்தில் சிறையில் இருந்தவரும்கூட. அடுத்த ஆண்டு, 1979-இல், பீகார்ச் சிறைகளில் ஏழைகள் பல்லாண்டுகளாக விசாரணையின்றிக் கிடந்த செய்தி வெளிவந்தது. குற்றம் மெய்யானாலும் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். விரைந்த விசாரணை ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது அப்போதுதான்.

"கொடிய வழக்குகளில் இந்தத் தயவு கூடாது" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அம்பத்தூருக்குத் தெற்கே நம் பூந்தமல்லியில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதனினும் கொடிய செயலை எண்ணிப்பார்ப்பது அரிது. அவ்வழக்கைப் பூந்தமல்லித் தனி நீதிமன்றம், பொதுமக்கள் காண இடமின்றி, பலத்த காவலுடன் விசாரித்தது. 1998 சனவரி 28 அன்று, கூண்டில் நின்ற 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில், 1999 மே 11 அன்று, உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே மரண தண்டனையை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாக மாற்றியது. எஞ்சிய 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. சிறு குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்டவர்களும் அவற்றுக்கான தண்டனையை ஏற்கெனவே கழித்துவிட்டார்கள் என்று கண்டது. 26 பேரில் 19 பேர்! தூக்குக் கயிற்றின் நிழலில் இருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். அவர்களைச் சிறையில் எவ்வாறு நடத்தினோம் என்பது, அவர்கள் குற்றவாளிகள் என்று நாம் எவ்வளவு உறுதியாக நம்பினோம் என்பதைப் பொறுத்து அமைந்திருக்கலாகாது என்பது விளங்குகிறதல்லவா?

மணிமேகலை சோழ மன்னனிடம் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய கதையை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். இக்காலத்தில் அரசனிடம் வரம் கேட்கவேண்டியதில்லை. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முன்பு எக்குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் காவலில் கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடவேண்டும் என்கிறது, மற்றவர்களுக்குப் பாதிக்காலம். மரணமோ ஆயுளோ தண்டனையாகவுள்ள குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. பிணை கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதுபற்றி நீதிமன்றம் தானே எண்ணிப்பார்க்கலாம் என்று 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது.

காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், அவருக்குக் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் அமர்த்தித் தருவது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி கடமை. மாவட்டத்துக்கு ஓர் ஆணையமும் வட்டத்துக்கு ஒரு குழுவும் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகின்றன. வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாலே போதும். அந்தத் தாய்க்கு இது தெரியாது. வெட்கத்துடன் சொல்லுகிறேன், அன்றைக்கு எனக்கும் தெரியாது.