தலைமுடியில் தங்கும் போதை

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் கினிகத்தேனை வழியாக அட்டனுக்குப் போகும் வாகனங்களைப் பொலிஸார் மோப்ப நாய்களுடன் மறித்துச் சோதிப்பார்கள். கஞ்சாவோடும் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமினோடும் இளைஞர்கள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். பையில் இருப்பதை நாய் பிடித்துவிடும். உடம்புக்குள் போனதை அறிய இரத்தமும் சிறுநீரும் உண்டு. ஆனால் பெரும்பாலான போதைப்பொருள்கள் இரத்தத்தில் ஓரிரு நாளிலும் சிறுநீரில் சில நாளிலும் மறைந்துவிடும். நாள்பட்ட கஞ்சாப் பழக்கம் மட்டும் சிறுநீரில் சில வாரங்கள் தெரியும். மாதக்கணக்கான தடயம் தலைமுடியில்தான் தங்குகிறது.

முடிக்குள் எப்படிப் போகிறது?

முடியின் வேரைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. இரத்தத்தில் கலந்த போதைப்பொருளும், உடல் அதைச் சிதைத்து உண்டாக்கும் பொருள்களும் வளரும் முடிக்குள் புகுந்து இறுகிவிடுகின்றன. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் வளரும். ஆகவே வேரிலிருந்து 3 சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கு. நேற்றுப் பாவித்தது இதில் தெரியாது. நேற்று வேரில் உருவான முடி தோலுக்கு மேலே வர ஒரு வாரமளவு ஆகும்.

எடுப்பதும் சோதிப்பதும்

பின்னுச்சியில் பென்சில் தடிப்புக்கு ஒரு கற்றையைத் தோலோடு ஒட்டக் கத்தரிப்பார்கள், பிடுங்குவதில்லை. எது வேர்ப்பக்கம் என்று அடையாளமிட்டு அலுமினியத் தாளில் சுற்றுவார்கள். ஆய்வகத்தில் எண்ணெய், தூசி, புகை போகக் கழுவி, பொடியாக்கி, உள்ளிருப்பதைக் கரைத்தெடுப்பார்கள். முதற்கட்டச் சோதனையில் சந்தேகம் எழுந்தால் திணிவு நிறமாலைமானியில் உறுதிசெய்ய வேண்டும். இந்த இரண்டாம் கட்டம் இல்லாத முடிவை நம்பக்கூடாது.

மதுவுக்குத் தேடுவது எத்தில் குளுக்குரோனைட் என்ற பொருளை. சாராயமானாலும் கசிப்பானாலும் குடித்த மதுவில் ஒரு சிறு பங்கை உடல் இப்படி மாற்றுகிறது. 1 மில்லிகிராம் முடியில் அது 30 பிக்கோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், மாதக்கணக்கில் மிதமிஞ்சிக் குடித்ததன் அறிகுறி என்பது சர்வதேச அளவுகோல்.

இந்தச் சோதனைக்கு வரம்புகளும் உண்டு. முடியை வெளிறச் செய்யும் இரசாயனங்கள் முடியிலுள்ள அளவைக் குறைத்துக் காட்டும். கறுத்த முடியில் ஐஸ் போன்றவை கூடுதலாகப் பிடிக்கும். பக்கத்தில் இருப்பவரின் கஞ்சாப் புகையும் முடியில் படியும். மாரியம்மனுக்கு முடியிறக்கியவரிடம் உடல் முடியை எடுக்கலாம். ஆனால் அதில் மாதக் கணக்குப் பார்க்க முடியாது.

டொரொன்டோவில் நடந்தது

பெங்களூரில் 2020இல் கன்னடத் திரையுலகப் போதைப்பொருள் வழக்கில் முடி மாதிரிகள் சோதனைக்கு அனுப்பப்பட்டபோது இந்த முறை நம் பக்கத்திலும் பேசப்பட்டது. என்னைக் கலங்கவைப்பது கனடாவில் நடந்ததுதான். டொரொன்டோ சிறுவர் வைத்தியசாலையின் மதரிஸ்க் ஆய்வகம் கொடுத்த முடிச் சோதனை அறிக்கைகள், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்குகளில் சான்றாகின. 2005 முதல் 2015 வரை அங்கே நடந்த சோதனைகள் அத்தகைய வழக்குகளுக்குப் போதுமானவையும் அல்ல, நம்பத்தக்கவையும் அல்ல என்று ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் 2015இல் அறிக்கையிட்டார். பல ஆண்டுகளாக, முதற்கட்ட முடிவையே உறுதிசெய்யாமல் கொடுத்திருந்தார்கள். பிரிந்த குடும்பங்களை எந்தத் திருத்தமும் முழுமையாகச் சேர்த்துவைக்காது.

வீட்டில் சந்தேகம் வந்தால்

மகன் தூங்கும்போது முடியை வெட்டி எங்காவது அனுப்பிப் பார்க்கலாமா என்று பெற்றோர் நினைப்பது புரிகிறது. வேண்டாம். பாவித்தாரா என்பதை முடி காட்டலாம். ஏன் பாவித்தார், அடிமையாகிவிட்டாரா என்பதைச் சொல்லாது. அதை அவரோடு உட்கார்ந்து பேசித்தான் அறியவேண்டும்.

இன்னொன்று: நாள்தோறும் கடுமையாகக் குடித்தவர் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள். போதைப்பொருள் பற்றிய ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, மனநல உதவிக்கு 1926 ஆகிய இலக்கங்களை அழையுங்கள்.