எதிராளி இல்லாத ஆட்டம்

மழை நாட்களில், துணைக்கு யாரும் அகப்படாத சிறுவன் காரம் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, தான் ஒருவனே இரண்டு பேராக ஆடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வலக் கை ஒரு கட்சி. இடக் கை மற்றொரு கட்சி. ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆவதற்குள் வலக் கையின் பேரில் அவனுக்குத் தனிப் பட்சம் பிறந்துவிடும். வலக் கை தவறினால், "இது கணக்கில் சேராது" என்று மறுபடியும் அடிப்பான். இடக் கை தவறினாலோ, தவறினது தவறினதுதான்! இப்படி ஜயித்த ஆட்டத்தில் அவனுக்கு மனம் நிறைந்த சந்தோஷம் உண்டாவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஏனென்றால், நாமும் ஒரு காலத்தில் அந்தச் சிறுவனாக இருந்தவர்கள்தானே?

இந்தச் சிறு விஷயத்தை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 'ஒன் பாக்கெட்' என்று ஒரு பில்லியர்ட் ஆட்டம் வழங்குகிறது. அதை நாம் 'ஒற்றைப் பை ஆட்டம்' என்று சொல்லிக்கொள்ளலாம். பூல் மேஜையின் மீது ஆடும் ஆட்டங்களுக்குள்ளே புத்திக்கு மிகுந்த வேலை கொடுப்பது இதுவே என்பது அதை ஆடுகிறவர்களின் துணிபு. சதுரங்கத்துடன் அதை ஒப்பிட்டுப் பேசுவார்கள். இதில் தேர்ச்சி பெற விரும்புகிறவன் பல மணி நேரம் எதிராளி இல்லாமல் தனியே பழக வேண்டியிருக்கிறது. அப்போது அவனுக்கு நேரும் சோதனை, காரம் பலகையின் முன்னே அந்தச் சிறுவனுக்கு நேர்ந்த சோதனையேதான்.

ஆட்டத்தின் விதிகள்

முதலில் ஆட்டம் இன்னதென்று தெரிந்துகொள்வோம். பூல் மேஜைக்கு ஆறு பைகள் உண்டு. நாலு மூலைகளில் நாலு, நீண்ட பக்கங்களின் நடுவே இரண்டு. ஒன்பது அடி மேஜையில் பந்துகள் ஓடும் பரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கொண்டது. பந்தின் குறுக்களவு இரண்டேகால் அங்குலம். முக்கோணமாக அடுக்கி வைக்கும் வர்ணப் பந்துகள் 15. கோலினால் அடிப்பதற்கு வெள்ளைப் பந்து ஒன்று.

சாதாரண பூல் ஆட்டங்களில் எந்தப் பையில் பந்து விழுந்தாலும் பலன் உண்டு. ஒற்றைப் பை ஆட்டத்தில் அப்படியல்ல. பந்துகளை அடுக்கும் பக்கத்திலுள்ள இரண்டு மூலைப் பைகளில் ஒன்று ஒருவனுக்குச் சொந்தம். மற்றது எதிராளிக்குச் சொந்தம். பந்தின் நிறமும் எண்ணும் எதுவானாலும் சரி, தன் பையில் முதலில் எட்டுப் பந்துகளைச் சேர்த்தவன் ஜயித்தவனாகிறான். கை தவறி எதிராளியின் பையில் தள்ளிய பந்து எதிராளியின் கணக்கில் ஏறிவிடும். மற்ற நாலு பைகளில் விழுந்தவை யாருக்கும் சேராமல் மேஜைக்கே திரும்பி வரும்.

வெள்ளைப் பந்து பையில் விழுந்தால் குற்றம். வெள்ளைப் பந்து மற்றொரு பந்தைத் தொட்ட பிறகு, எந்தப் பந்தும் பையில் விழாமலும் ஓரத்து ரப்பரை எட்டாமலும் நின்றுவிட்டால் அதுவும் குற்றம். சம்பாதித்த பந்துகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது இதற்கு அபராதம். கையில் ஒன்றுமே இல்லையென்றால், கடன்! அடுத்தபடி போடும் பந்தைக் கொண்டு கடனைத் தீர்த்துவிட்டுத்தான் கணக்கை ஆரம்பிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை குற்றம் செய்கிறவன் ஆட்டத்தையே இழந்துவிடுகிறான்.

இந்த விதிகளைச் சற்று யோசித்துப் பார்த்தால் ஆட்டத்தின் தத்துவம் புலப்படும். ஆறு வாசல்கள் உள்ள வீட்டில் ஐந்து வாசல்களை அடைத்துவிட்டது போன்ற நிலைமை இது. பந்தைப் பையில் போடுவதற்கு நேரான வழி அபூர்வமாகவே அகப்படும். ஆகையால், 'நான் என்ன போடலாம்?' என்ற கேள்வியைக் காட்டிலும், 'நான் அடித்த பிறகு எதிராளிக்கு என்ன மிஞ்சும்?' என்ற கேள்வியே முக்கியமாகிறது. முதல் அடியிலிருந்தே அது தொடங்குகிறது. தேர்ந்த ஆட்டக்காரன் அடுக்கைப் பலமாக அடித்துச் சிதறடிப்பதில்லை. மெல்லத் தொட்டு, சில பந்துகளைத் தன் பையின் பக்கமாக நகரச் செய்து, எதிராளிக்கு நேரான வழி எதுவும் கிடைக்காத இடத்தில் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறான். சில சமயங்களில், வரப்போகும் ஐந்து பந்து நஷ்டத்தைத் தடுப்பதற்காக, வேண்டுமென்றே குற்றம் செய்து ஒரு பந்தை இழப்பதும் உண்டு.

பந்தயமும் பயிற்சியும்

இவ்வளவு நயமான ஆட்டத்துக்கு வாய்த்த ஸ்தலம் என்னவோ அவ்வளவு நயமானதல்ல. அமெரிக்காவில் பூல் கொட்டகைகளுக்கும் பணப் பந்தயத்துக்கும் நெடுநாள் சிநேகம். இல்லினாய் மாகாணத்தில் ஜான்ஸ்டன் ஸிட்டி என்னும் சிற்றூரில் 1961-ஆம் வருஷத்தில் தொடங்கிய பெயர்பெற்ற பந்தய விழா, முதல் வருஷம் ஒற்றைப் பை ஆட்டத்தைக் கொண்டே தொடங்கியது. தேசமெங்கும் இருந்த பந்தய ஆட்டக்காரர்கள் அங்கே வருஷந்தோறும் வந்து கூடினார்கள். 1972-இல் சர்க்கார் அதிகாரிகள் சோதனை போட்டதோடு அந்த விழா முற்றுப் பெற்றது.

பந்தயக்காரர்கள் இந்த ஆட்டத்தை விரும்பியதற்கு வசதியான காரணம் ஒன்றும் உண்டு. பலசாலிக்கும் பலஹீனனுக்கும் உள்ள வித்தியாசத்தை இதில் சுலபமாகச் சரிக்கட்டலாம். பலசாலி ஒன்பது அல்லது பத்துப் பந்துகள் போட வேண்டும். மற்றவனுக்கு ஏழோ ஆறோ போதும். சலுகையைக் கண்டு மயங்கிய புதியவன் மேஜையண்டை வருவான். சட்டைப்பை காலியான பிறகுதான் தான் கற்றுக்கொண்ட பாடத்தின் விலை இன்னதென்று அவனுக்குத் தெரியவரும்.

தனியே பழகுவதன் முதல் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அதில் பந்தயம் இல்லை, கடன் இல்லை, பிறர் முன்னிலையில் தலை குனிவதும் இல்லை. ஆனால், வெறுமனே மேஜையைச் சுற்றி வந்து பந்துகளைத் தள்ளிக்கொண்டிருந்தால் அது பயிற்சியாகிவிடாது. விடியற்காலையில் எழுந்து தம்பூராவை மீட்டிச் சாதகம் செய்யும் வித்வான், மனத்துக்குப் பிடித்த கீர்த்தனங்களையா பாடிக்கொண்டிருக்கிறார்? முரண்டு பிடிக்கும் ஒரே ஸ்வர வரிசையை நூறு தடவை திருப்பித் திருப்பிப் பாடுகிறார். இந்த ஆட்டத்துக்கும் அதுவே வழி.

தனிச் சாதகம்

முதற் பாடம், அளந்து அடிப்பது. வெள்ளைப் பந்தை மட்டும் மேஜையில் வைத்து, எதிர் ஓரத்து ரப்பரைத் தொட்டுத் திரும்பி, இந்த ஓரத்தை ஒட்டி நிற்கும்படி அடிக்க வேண்டும். பார்வைக்கு இது சின்னக் குழந்தையின் வேலை. முயன்று பார்த்தால், பத்துக்கு மூன்று சரியாக அமைவதே பெரிதாக இருக்கும். மேஜையின் மறு கோடிக்குச் சென்று ஓரத்தோடு ஒட்டி நிற்கும் வெள்ளைப் பந்து எதிராளியின் கையைக் கட்டிப்போடுகிறது. ஓரத்திலிருந்து அரை அடி விலகி நின்றால், அவனுக்குத் தாராளமாக வழி விடுகிறது. வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள தூரம் அந்த அரை அடிதான்.

இரண்டாவது, ரப்பரில் மோதித் திரும்பும் அடி. நேர் வழி அடைபட்ட ஆட்டத்தில் இது இல்லாமல் காலம் தள்ள முடியாது. மோதிய கோணமும் திரும்பும் கோணமும் ஏறக்குறைய சமம் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால், பலமாக அடித்தால் பந்து திரும்பும் கோணம் குறுகும். மெதுவாக அடித்தால் விரியும். பந்தின் சுழற்சியும் தன் பங்குக்குக் கோணத்தை மாற்றும். இவற்றைப் புத்தகம் சொல்லித் தரலாம். கைக்குப் பழக்குவது மேஜைதான். மேஜையின் ஓரங்களில் பதித்திருக்கும் 18 புள்ளிகள் இதற்கு உதவும். ஒரு புள்ளிக்கு நேராகப் பந்தை வைத்து, எதிர் ரப்பரில் மோதித் தன் பைக்குத் திரும்பும்படி, ஒரே வேகத்தில், இருபது தடவை அடித்துக் கணக்கு எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் அடுத்த புள்ளி.

மூன்றாவது, அபராதமாகத் திரும்பி வந்த பந்தை வைக்கும் இடத்திலிருந்து அதைப் பையில் போடுவது. எதிராளியின் வெள்ளைப் பந்து பையில் விழுந்தால், மேஜையின் தலைப் பக்கத்தில் நமக்கு வேண்டிய இடத்தில் அதை வைத்து அடிக்கும் உரிமை நமக்கு வருகிறது. அவன் திருப்பித் தந்த பந்தோ, அடுக்கின் முனை நிற்கும் புள்ளியில் காத்திருக்கிறது. இந்த ஓர் அடியைத் தவறாமல் அடிக்கத் தெரிந்தவன், பிறர் செய்யும் குற்றங்களிலிருந்தே ஆட்டத்தை ஜயித்துவிடலாம்.

நாலாவது, தொடர்ந்து போடும் பயிற்சி. அடுக்கை உடைத்துவிட்டு, வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து, தன் ஒரே பையில் எத்தனை பந்துகளைத் தவறாமல் போட முடிகிறது என்று பார்ப்பது. எட்டுக்கு மேல் எண்ண வேண்டியதில்லை. பத்துத் தடவை இப்படி ஆடினால் மொத்தம் 80. இன்று 21 வந்தால், அடுத்த மாதம் 30 வருகிறதா என்று பார்க்கலாம். எண்களுக்கு முகஸ்துதி செய்யத் தெரியாது!

இரண்டு கட்சியும் தானே

இவையெல்லாம் கைப் பழக்கம். ஆனால், இந்த ஆட்டத்தின் உயிர் எதிராளியிடம் அல்லவா இருக்கிறது? அவன் இல்லாமல் பாதி ஆட்டத்தை எப்படிப் பழகுவது? தானே எதிராளியாகவும் மாறுவதுதான் அதற்குள்ள ஒரே உபாயம்.

ஓர் அடி அடித்தபின், மேஜையைச் சுற்றி மறு பக்கம் சென்று, அந்தப் பக்கத்துப் பைக்குச் சொந்தக்காரனாக நின்று, எதிரே உள்ளதைப் பார்க்க வேண்டும். சற்று முன் 'அபாரமான அடி' என்று தோன்றியது, அங்கே நின்று பார்க்கும்போது வேறு விதமாகத் தோன்றும். மூடிவிட்டதாக நினைத்த வழி திறந்திருக்கும். அப்போது, 'அவன் இதைக் கவனிக்க மாட்டான்' என்று தள்ளிவிடலாகாது. அந்த வழியிலேயே முழுச் சாமர்த்தியத்தோடு தன்னைத் தானே தண்டித்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்சி ஏழு பந்துகள் போட்டு, மறு கட்சி மூன்றில் நிற்கும்போது, ஏழில் நிற்கிற கட்சியிடம் மனம் சாயும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற ஆசை அது. அந்த நேரத்தில் மூன்றில் நிற்கிறவனுக்காகவும் அதே பொறுமையோடு யோசித்து ஆடுகிறவனே உண்மையில் பழகுகிறவன். இதற்குப் பக்கத்தில் ஒரு காகிதமும் பென்சிலும் இருப்பது நல்லது. அடிப்பதற்கு முன் என்ன நினைத்தோம், அடித்த பின் என்ன நடந்தது என்று இரண்டையும் எழுதி வைத்துவிட்டால், தற்செயலாக விழுந்த பந்துக்குத் தன் திறமையைக் காரணமாகச் சொல்லிக்கொள்ள இடம் இராது.

தனிப் பயிற்சியினால் கிடைக்காதவை இரண்டு. ஒன்று, நாம் கனவிலும் எண்ணாத ஓர் அடியைப் பிறன் கண்டுபிடித்து அடிக்கும்போது உண்டாகும் திகைப்பு. மற்றொன்று, ஏழுக்கு ஏழு என்று நிற்கையில், பிறர் பார்க்கக் கோலைப் பிடிக்கும் கையில் காணும் நடுக்கம். இவற்றுக்காக, தன்னிலும் மேலானவனைத் தேடிப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால், தனியே உண்மையாகப் பழகியவன் தோற்றாலும், ஏன் தோற்றான் என்று தெரிந்துகொண்டு திரும்புவான்.

இரண்டு ஆசியர்கள்

பிலிப்பைன்ஸ் தேசத்தில் 1954-இல் பிறந்த எஃப்ரென் ரேயஸ், மணிலா நகரில் மாமாவின் பூல் கொட்டகையில் வளர்ந்தவர். இரவில் பூல் மேஜையே அவருக்குப் படுக்கை. மேஜை எட்டாத வயதில், குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி அவற்றின் மேல் ஏறி நின்று அடித்துப் பழகினார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் தம் தாய்நாட்டை ஆண்ட அமெரிக்காவுக்கே அவர் 1985-இல் சென்று, வேறு பெயரில் பந்தயத்தில் கலந்துகொண்டு ஜயித்தார். பிற்காலத்தில் ஒற்றைப் பை ஆட்டத்திலும் அமெரிக்க மேதைகளை அவர்கள் ஊரிலேயே பல முறை தோற்கடித்து, 'மந்திரவாதி' என்ற பட்டம் பெற்றார்.

நம் தேசத்துக்கும் கோலும் பந்தும் புதிதல்ல. பில்லியர்ட் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில், ஆங்கிலப் பட்டாளத்து அதிகாரிகளின் விடுதியில் பிறந்தது. 1880-களில் நம் ஊதகமண்டலத்துக் கிளப்பில்தான் அதன் விதிகள் உருப்பெற்றன. துரைமார்கள் பொழுதுபோக்காக ஆடிய அந்த மேஜையில், சுதந்திர இந்தியா வெகு விரைவில் தன் கையைக் காட்டிவிட்டது. 1958-இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட் போட்டியில் வில்ஸன் ஜோன்ஸ் பட்டம் வென்றார். 1964-இல் நியூஸிலாந்தில் மறுபடியும் வென்றார். தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியராக அவரை நாடு கொண்டாடுகிறது.

கூட்டம் கைதட்டும் வேளையை எல்லோரும் பார்க்கிறோம். அதற்குப் பின்னால், யாரும் பார்க்காத அறையில், தவறான அடியைத் தவறென்றே எழுதிக்கொண்டு, மறு பக்கம் சென்று எதிராளிக்காகவும் நேர்மையாக ஆடிய நாட்கள் எத்தனையோ! நம் வீட்டில் பூல் மேஜை இராது. ஆனால், காரம் பலகை இருக்கும். இனி ஒரு மழை நாளில் வீட்டுப் பிள்ளை அதன் முன் தனியாக உட்கார்ந்தால், பக்கத்தில் போய் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வருவோம்: "தம்பி, இடக் கைக்கும் நியாயம் செய்."