வீதியில் எழுந்த நாதம்

இறைவன் உலா வரும் வீதிகளில் நாகஸ்வரமும் நாமசங்கீர்த்தனமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இசை அரங்கத்துக்குள் அடைபட்டது அன்று என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் மயிலையின் மாட வீதிகளில் பஜனை பாடி வலம் வந்தபோது, மேடையும் இல்லை. நுழைவுச் சீட்டும் இல்லை. கேட்கும் செவியும் கனியும் நெஞ்சமுமே போதுமாயிருந்தன.

கடல் கடந்த அமெரிக்காவில் இதே உண்மையை ஒருவர் சுரங்க ரயில் நிலையமொன்றில் உணர்ந்தார். அவர் ஒலிப்பதிவுக் கலைஞரான மார்க் ஜான்சன். நியூயார்க் நகரில் ஒருநாள் பணிக்குச் செல்லும் வழியில், மேனியெங்கும் வெண்ணிறம் பூசி, அங்கி அணிந்த துறவியர் இருவரைக் கண்டார். ஒருவர் கிதார் மீட்ட, மற்றவர் அங்கிருந்தோர் அறியாத மொழியில் பாடினார். விரைந்து செல்வதையே வாழ்வாகக் கொண்ட நகரத்து மக்கள், வந்த ரயிலில் ஏறவும் மறந்து நின்றனர். சிலர் கண்களில் நீர் துளிர்த்தது. பணியிடத்தை அடைந்தபோது ஜான்சனுக்கு ஓர் எண்ணம் உதித்தது: தாம் கேட்ட மிகச் சிறந்த இசை ஒலிப்பதிவுக் கூடத்தில் இல்லை, அங்கு வரும் வழியில்தான் இருந்தது. அவ்வாறாயின், கூடத்தையே வீதிக்குக் கொண்டு சென்றால் என்ன?

2005-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகர வீதியில் ரோஜர் ரிட்லி என்னும் பாடகரின் குரல் அவரை ஈர்த்தது. இத்தகைய குரல் வளம் உடையவர் தெருவில் பாடுவது ஏன் என்று ஜான்சன் வினவினார். மகிழ்ச்சியை வழங்குவதே தம் தொழில் என்றும், மக்களோடு இருப்பதற்காகவே வீதிக்கு வருவதாகவும் ரிட்லி விடையளித்தார். அன்று அவர் பாடிய ‘ஸ்டாண்ட் பை மீ’ 1961-இல் பென் ஈ. கிங் பாடிப் புகழ்பெற்ற பாடல். துணை நிற்குமாறு வேண்டும் அதன் உணர்வு, கறுப்பின மக்களின் தேவாலய இசை மரபில் வேர்கொண்டது. அதே தலைப்பில் சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி 1905-இலேயே ஒரு துதிப்பாடல் இயற்றியிருந்தார்.

ஜான்சன் ஒலிவாங்கிகளோடும் ஒளிப்பதிவுக் கருவியோடும் திரும்பி வந்து, ரிட்லி பாடியதை அவ்வீதியிலேயே பதிவு செய்தார். பின்னர் அப்பதிவைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்றார். ஒவ்வோர் இசைஞரும் செவியில் முன்னவரின் இசையைக் கேட்டவாறே, தாம் இருந்த இடத்திலேயே தம் பங்கைச் சேர்த்தனர். நியூ ஆர்லியன்ஸ் தெருமுனையில் நெடுங்காலம் பாடிவந்த, கண்பார்வை குன்றிய முதியவர் கிராண்ட்பா எலியட் ஒருவர். தென்னாப்பிரிக்கப் பாடற்குழுவினர், அமெரிக்கத் தொல்குடி முரசிசைஞர்கள் எனப் பலர். ஒருவரையொருவர் நேரில் கண்டறியாதவர்கள் ஒரே பாடலில் ஒன்றுகூடினர்.

அந்தப் படம் 2008-இல் வெளிவந்து கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. ஆயினும், முதற்குரல் கொடுத்த ரிட்லி அதைக் காணவில்லை. பதிவு செய்யப்பட்ட 2005-ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்துவிட்டார். அன்று ஜான்சன் நின்று கேளாமல் கடந்து போயிருந்தால், அக்குரல் அவ்வீதிக் காற்றோடு கலந்து போயிருக்கும். தெருமுனையில் பாடிய எலியட்டோ முதுமையில் பல நாட்டு மேடைகளில் பாடும் பேறு பெற்று, 2022-இல் மறைந்தார். இம்முயற்சியிலிருந்து 2007-இல் தோன்றிய அறக்கட்டளை, வறிய பகுதிகளின் குழந்தைகளுக்கு இசை கற்பிக்கும் பள்ளிகளை நடத்திவருகிறது. தென்னாப்பிரிக்காவின் குகுலேத்துவில் எழுந்தது அவற்றுள் ஒன்று.

கருவி செய்தது சிறு பணியே. அதற்கு முன் நிகழ்ந்தது, ஒரு மனிதர் நடையை நிறுத்திச் செவி சாய்த்தது. கோபுர வாசலில் அமர்ந்து தேவாரம் பாடும் முதியவரையும், குளக்கரையில் கண்மூடிக் குழல் ஊதும் எளியவரையும் நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். தரிசனத்துக்கு விரையும் கால்கள் அங்கே சற்று நிற்குமாயின், அதுவும் வழிபாடே. நாதமே வடிவான இறைவன் கருவறையில் மட்டுமா உறைகின்றான்?