பிள்ளையின் எடையும் வீட்டின் பழக்கமும்

கொழுகொழுவென்ற குழந்தையைக் கண்டு மகிழாதார் யார்? பருத்த பிள்ளையைக் கண்டால் நல்ல ஊட்டம் என்று பாராட்டுவதும், மெலிந்த பிள்ளையைக் கண்டால் தாயைக் குறை கூறுவதும் நம்மவர் வழக்கமாகும். ஆனால், அன்று பாராட்டப்பெற்ற அதே பிள்ளை பாடசாலை செல்லத் தொடங்கியதும் ‘குண்டன்’ என்று கேலி செய்யப்படுகிறது. வீட்டுக்கு வந்தால் பெற்றோரும் “அளவில்லாமல் தின்கிறாய்” என்று கடிந்துகொள்கின்றனர். குற்றம் உண்மையிற் பிள்ளையினுடையதுதானா? இதனைச் சற்றே ஆராய்வோம்.

உடலின் எடையை உணவுக் கோப்பை மாத்திரம் தீர்மானிப்பதில்லை. பரம்பரைக்கும் அதிற் பங்குண்டு. அதனை நாம் மாற்றவியலாது. எனினும், விளையாட்டு, உறக்கம், இனிப்பு ஆகிய மூன்றும் வீட்டின் பழக்கத்தைப் பொறுத்தவை.

முதலாவது விளையாட்டு. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்குதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. கிளித்தட்டு மறித்தும் பந்தடித்தும் ஓடித்திரிய வேண்டிய மாலைப்பொழுது இன்று எங்கே போயிற்று? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நோக்கிப் பிள்ளைகள் ரியூசன் வகுப்புக்கு விரைகின்றனர். எஞ்சிய நேரத்தைக் கைத்தொலைபேசி விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது உறக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. காலை ஐந்து மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை, இரவு எட்டு மணிக்கேனும் உறங்கியிருத்தல் வேண்டும். உறக்கங் குறைந்த பிள்ளைகளிடையே மிகை எடை கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. களைத்த பிள்ளை ஓடியாட விரும்புவதில்லை, இனிப்பையே நாடுகிறது.

மூன்றாவது இனிப்பு. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள மென்பானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 250 மில்லிலீற்றர் அருந்தும் பிள்ளை 25 கிராம் சீனியை உட்கொள்கிறது. இஃது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி, 100 கலோரி. இத்தனைக்கும் வயிறு நிறைவதில்லை. நம் நாட்டில் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதி 2016இல் நடைமுறைக்கு வந்தது. வாங்குமுன் அந்நிறத்தைப் பார்ப்பது நன்று.

இனிச் செய்யவேண்டியது யாது? பிள்ளையைப் பட்டினி போடுதல் பெருந்தவறு. வளரும் பிள்ளைக்கு எடை குறையவேண்டுமென்பது எப்போதும் அவசியமன்று. எடை மேலும் ஏறாதிருக்க, உயரம் வளர்ந்துவரின், நாளடைவில் இரண்டும் பொருந்திவிடுவதுண்டு. மெலிவாயினும் பருமனாயினும் கண்மதிப்பால் முடிவு கட்டாது, வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற எடைதானா என்பதை வைத்தியரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேட்டறிதல் வேண்டும்.

தந்தை மென்பானம் அருந்தியவாறும் தாய் தொலைபேசியைப் பார்த்தவாறும் பிள்ளைக்கு மாத்திரம் பத்தியம் விதித்தால், அது தண்டனையாகவே பிள்ளையின் மனத்திற் பதியும். தாகத்துக்குத் தண்ணீர், மாலையில் விளையாட்டு, இரவில் நேரத்தோடு உறக்கம் என்பவற்றை வீட்டார் அனைவரும் ஒருங்கே கைக்கொள்வோமாக. பிள்ளையின் எடையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, வீட்டின் பழக்கத்தைத் திருத்துவதே பெற்றோர்க்கு அழகு.