வெயிலில் தெரியும் வட்டங்கள்

கறுப்புக் காரின் பானெட்டில் சூரியன் பளீரென்று தெரியும் இடத்தை உற்றுப் பாருங்கள். அதைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல்கள் அடுக்கடுக்காகத் தெரியும். காரைத் துடைப்பவர் கையை வட்டமாகச் சுற்றுவதுதான் காரணம் என்று அவர்மேல் பழி போடுவோம். தலையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வட்டங்களும் கூடவே நகரும். பெயின்டில் பதிந்த வட்டம் எப்படி நகரும்?

உண்மையில் அங்கே இருப்பவை கண்டபடி எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்கள். தனக்குக் குறுக்கே வந்து விழும் ஒளியைத்தான் ஒரு கீறல் நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். அதனால் சூரியப் பிம்பத்தைச் சுற்றி வளைந்தாற்போல் கிடக்கும் கீறல்கள் மட்டும் மின்னுகின்றன, மற்றவை கண்ணில் படுவதில்லை. நாள்பட்ட எவர்சில்வர் தட்டில் பல்பு வெளிச்சம் விழும்போதும் இதே வட்டங்களைப் பார்க்கலாம்.

கீறுவது துணியல்ல, துணியில் ஒட்டிய மண். மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. ஜன்னல் கண்ணாடியையே கீறிவிடும். காரின் நிறத்துக்கு மேல் பூசிய கிளியர் கோட்டோ வெறும் பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். ஒரே பக்கெட் தண்ணீரில் ஒரே துணியை முக்கி நாலு காரைத் துடைத்தால் அந்தப் படலம் என்னதான் செய்யும், பாவம்!

உப்புக் கறை வேறு கதை. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடான பானெட்டில் துளி காயும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேற, கரையாத கால்சியம் கார்பனேட் தங்கிவிடும். துளியின் விளிம்பு வேகமாக ஆவியாவதால் நடுவிலிருக்கும் நீர் கரைந்த உப்போடு ஓரத்துக்கு ஓடுகிறது. கறை வளையமாக விழுவது அதனால்தான். காப்பிக் கறையை வைத்து 1997-ல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் விளக்கியதும் இதையே. புதுக் கறையென்றால், நிழலில் ஆறிய பானெட்டில் நீர் கலந்த வினிகரைத் தடவிக் கழுவினாலே கரையும். கறை போன பிறகும் அந்த இடத்தில் பள்ளம் தெரிந்தால் பாலிஷ்தான் வழி.

பாலிஷ் கீறலை அடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது செய்வது நேர்மாறு: அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்களால் சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் கொஞ்சம் தேயும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கொரு முறை பாலிஷ் போடச் சொல்லும் கடைக்காரரை நான் நம்பமாட்டேன்.

பாலிஷ் போடக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் காயலான் கடையில் ஒரு பழைய பானெட்டை வாங்கிப் பழகலாம். முதலில் மென்மையான பேட், மிதமான பாலிஷ், கையகல இடம். அதில் போகாவிட்டால்தான் காம்பவுண்ட் எனும் கொரகொரப்பான பாலிஷ். மூலை, மடிப்புகளில் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே பாலிஷ் மெஷினை அழுத்தக் கூடாது. பூச்சின் தடிமனை அளக்கும் மீட்டரையும் முழுக்க நம்ப முடியாது. சாதாரண மீட்டர் பெயின்ட், பிரைமர் எல்லாம் சேர்த்து மொத்தத்தைத்தான் காட்டும். மேல் படலம் எவ்வளவு மிச்சம் என்று தனியாகச் சொல்லாது. அதனால்தான், நகம் ஓட்டினால் தட்டுகிற கீறலைக் கைதேர்ந்தவர்கள் ஓரளவு மங்கச் செய்துவிட்டு, அப்படியே விட்டுவிடுகிறார்கள்.